எட்டு மூச்சு

மூவாற்றுமுகத்து மணல்திட்டில்
இந்தக் கரையில் முப்பது வேல்.
அந்தக் கரையில் எத்தனையோ, மழைத்தூறலில் எண்ணவில்லை.
நடுவில் நான்,
மருத்துவச்சி செம்பொன்னி,
இடுப்பில் துணிப்பொதி,
கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம்.
கேட்கிறார்கள்: எவன் மூத்தவன்?

கீரிப்பாறைக் காட்டுக்குப் பன்றி வேட்டைக்குப் போன தம்புரான்
பலகையில் படுத்துத் திரும்பினார்.
அம்பு யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.
பண்டாரத்துத் திறவுகோல் எங்கே என்று கேட்டார்கள்.
பிறகு
நான் எங்கே என்று.

இங்கே மகனுக்கு முடி கிடையாது,
உடன்பிறந்தாள் வயிற்றுக்குத்தான்.
உடன்பிறந்தாள் இரண்டு பேர்.
இரண்டு வயிறும் ஒரே ராத்திரியில் நொந்தால்
முறை என்ன செய்யும்?
என் குடிலுக்கு ஆள் அனுப்பும்.

அது இடவப்பாதி மழை.
ஈற்றறையின் நடுவே பலாப்பலகைத் தடுப்பு.
இப்பால் மூத்த தம்புராட்டி, பல்லிடுக்கில் துணி.
அப்பால் இளையவள்,
ஆதிகேசவன் தொடங்கி ஒரு சாமி பாக்கியில்லாமல் ஏசிக்கொண்டு.
நாழிகை வட்டில் பார்க்க வைத்த கணியன்
வட்டில் முங்குமுன் உறக்கத்தில் முங்கினான்.
விடிந்தபின் அவன் கீறிய ஓலையில்
இரண்டு பிள்ளைக்கும் ஒரே நாழிகை, ஒரே விநாழிகை.
என்ன துல்லியம்!
மூத்தவள் மகன் இரவி. இளையவள் மகன் உதயன்.
பெயர் வைத்தவர்களுக்கும் சூரியனைவிட்டால்
வேறொன்றும் தோன்றவில்லை.

நேற்று இரவியின் ஆள் வந்தான்.
பறளியாற்றோரம் பத்துப் பறை விதைப்பாடு என்றான்.
அவன் மிதித்த ஈரம் காயுமுன் உதயனின் ஆள்.
அவனிடம் தர நிலமில்லை.
சுசீந்திரத்தில் நெய் கொதிக்கிறது என்றான்,
பொய் சொன்ன கையை அதற்குத் தெரியுமாம்.
அவன் போனபின் விளக்கடியில்
கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

சரி, நடந்தது இது.
முதலில் வந்தவன் உதயன்.
நீலம் பாரித்து, கழுத்தில் கொடி சுற்றி,
ஒரு சத்தமில்லாமல்.
கொடியை அவிழ்த்தேன், தலைகீழாய்த் தட்டினேன்,
வாயில் வாய் வைத்து ஊதினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
ஆறாவதில், தலை தெரியுது என்று தடுப்புக்கப்பால் தாதி அலறினாள்.
இவனை இடக்கையில் இடுக்கி ஓடினேன்.
வலக்கையில் வந்து விழுந்தான் இரவி,
விழும்போதே கொட்டாரம் அதிர அழுதுகொண்டு.
ஏழு.
எட்டாவதில்தான் இவனும் அழுதான்.
அதுவரை அந்த நெஞ்சில் கிடந்தது என் மூச்சு.
கணக்குப் பார்த்தால்
நானல்லவா அவனுக்கு மூத்தவள்.

இதை அப்படியே சொன்னேன்,
ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.
வந்தவன் முதல்வன் என்று அந்தக் கரை ஆர்ப்பரித்தது.
அழுதவன் முதல்வன் என்று இந்தக் கரை.
உதயன் ஏதோ ஏசினான், அம்மையின் அதே குரலில்.
இரவி மேல்துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

அந்த வேல்களுக்குப் பின்னால் இருந்த முகங்களில்
பதினேழு என் கையில் விழுந்தவை.
எவன் எவனுக்கு முந்தி வந்தான் என்று
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
ஒருவரும் கேட்கவில்லை.

உச்சிக்குள் என் பொதியில் துணி தீர்ந்தது.
முடி எந்தக் கரைக்குப் போனதென்று
இப்போதும் எனக்குத் தெரியாது.
கோதையாற்றுப் பக்கம் வண்ணான் பொன்னிளங்குட்டியின் பிள்ளை கிடந்தான்,
காலால் வந்தவன், அவளை இரண்டு நாள் படுத்தியவன்.
மணலைத் துடைத்து வாயில் வாய் வைத்தேன்.
ஒன்று. இரண்டு.
ஏழு.
எட்டு.
ஒன்பது.
பத்து.